அணிநடை அடியில் ஒரு பாட்டு

பள்ளி மலருக்கு எழுதக் கேட்டதும் பாண்ட் குழுதான் நினைவுக்கு வந்தது. மெய்வல்லுநர் போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மைதானத்து வெயிலில் நிற்போம். நான் சைட் டிரம். வலக்கை சரி, இடக்கை எப்போதும் பிந்தும். "ரெண்டும் ஒரே ஆளின்ரை கைதானே, தம்பி?" என்பார் சேர். வீட்டில் மேசையில் தட்டிப் பழகி அம்மாவிடம் வாங்கிய ஏச்சு வேறு.

லண்டனுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் அறை நண்பன் ஒரு கசெற் போட்டான். அமெரிக்கப் பாடகர் போல் சைமனின் 'ஃபிஃப்டி வேஸ் டு லீவ் யுவர் லவர்', 1975இல் வந்தது. தொடக்கத்தில் டிரம் மட்டும். படுத்திருந்தவன் எழுந்துவிட்டேன். அணிநடை அடி! காதலியைப் பிரியும் பாட்டுக்கு யார் இப்படி வாசித்தது?

அமெரிக்க டிரம் கலைஞர் ஸ்டீவ் காட். 1945இல் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் பக்கம் பிறந்தவர். அங்குள்ள ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் படித்தபின் மூன்று வருடம் இராணுவ இசைக்குழுவில் வாசித்தார். அடி எங்கிருந்து வந்தது என்பது அப்புறம்தான் விளங்கியது. ஆனால் பட்டாள வாசிப்போடு அவர் நின்றுவிடவில்லை. எழுபதுகளில் நியூயோர்க் ஒலிப்பதிவுக்கூடங்களில் எல்லாரும் அவரைத் தேடினார்கள். வான் மக்கோயின் டிஸ்கோவான 'த ஹஸ்ல்' அவர் கை. பியானோ கலைஞர் சிக் கொரியாவின் சிக்கலான ஜாஸும் அவர் கை. பிறகு எரிக் கிளாப்டனோடும் ஜேம்ஸ் டெய்லரோடும் ஊரூராகப் போனார்.

டிரம் வாசிப்பவர்களைக் கேட்டால் ஸ்டீலி டான் என்ற ரொக் குழுவின் 'ஏஜா'வைத்தான் சொல்வார்கள். 1977, எட்டு நிமிடத்துக்குக் கிட்டிய பாட்டு. வெய்ன் ஷோர்ட்டர் சாக்சபோனில் ஏற ஏற இவர் கீழே இடிமுழக்கம் செய்வார். எனக்கும் பிடிக்கும், ஆனால் மனம் போவது அந்த அணிநடைக்குத்தான். சத்தம் குறைவு. நுணுக்கம் முழுவதும் கைமாற்றத்தில். ஹை-ஹாட், அதாவது காலால் மிதித்து மூடித் திறக்கும் சோடித் தாளத்தைத் தட்டுவது வழக்கமாக வலக்கை வேலை. இங்கே அதை இடக்கைக்குக் கொடுத்திருக்கிறார். இதை நான் அறிந்தபோது வயது நாற்பது தாண்டிவிட்டது. சேருக்கு எழுதிச் சொல்ல நினைத்தேன், அதற்குள் அவர் போய்விட்டார்.

சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது ஸ்டியரிங்கில் அந்த அடியைத் தட்டிப் பார்ப்பேன். இடக்கை இன்னும் பிந்துகிறது.