முதல் கேசட், முதல் கச்சேரி, மூன்று பேர் சேர்ந்த ஒரு மோகன்

முதன்முதலில் வாங்கிய ஆல்பம் எது, நேரில் பார்த்த முதல் கச்சேரி எது, மனத்தைப் பறிகொடுத்த முதல் நட்சத்திரம் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் என் வயதொத்தவர்களில் உண்மையான விடை சொல்பவர்கள் மிகவும் குறைவு. ஆல்பம் என்றால் 1986-இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ என்பார்கள். அந்த ஆண்டில் அவர்கள் டவுசர் போட்டுக்கொண்டு கோலிக்குண்டு விளையாடியதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்ற அச்சம்கூட அவர்களுக்கு இருப்பதில்லை. கச்சேரி என்றால் மார்கழி மாதம், சபா, முன்வரிசை என்று தொடங்குவார்கள். கொரியாவின் பி.டி.எஸ். பாட்டுக் குழுவிலுள்ள ஏழு இளைஞர்களையும் தனித்தனியே பெயர் சொல்லி, அவர்களில் யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதுவரை ஒப்பிக்கும் என் அண்ணன் மகள், சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது இதே கேள்விகளை என்னிடம் கேட்டாள். அவளிடம் உண்மையையே சொன்னேன், அவள்தான் நம்பவில்லை.

எங்கள் வீட்டின் முதல் ஆல்பம் ‘விதி’ திரைப்படத்தின் கதை வசன ஒலிநாடா. 1984-இல் வந்த அந்தப் படத்தில் ஆரூர்தாஸ் எழுதிய நீதிமன்ற வசனங்கள் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஒலிபெருக்கி கட்டி ஒலிபரப்பப்பட்டன என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது எளிதன்று. பாட்டுக் கேட்பதற்கென்று சவூதியிலிருந்து தாய்மாமா கொண்டுவந்த டூ இன் ஒன் பெட்டியில், பாட்டே இல்லாமல் இரண்டு வக்கீல்கள் வாதாடுவதைத்தான் நாங்கள் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவைப் பெற்ற ஆச்சி சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தால் அன்றைய கோர்ட் கூடிவிட்டது என்று பொருள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு முறத்தில் அரிசியோ பயறோ கொண்டுவந்து கல் பொறுக்கியபடியே கேட்பார்கள். ஏமாற்றப்பட்ட பெண்ணுக்காக வாதாடும் சுஜாதாவின் குரல் உயரும்போதெல்லாம் முறங்கள் அசைவற்று நிற்கும், எதிர்த்தரப்பு வாயைத் திறந்தால் ஆச்சி பெட்டியைப் பார்த்து, “நீ நல்லா இருப்பியா? உனக்கு ஒரு பொட்டப்பிள்ளை இருந்தா இப்படிப் பேசுவியா?” என்று குறுக்கு விசாரணையை நேரடியாகத் தொடங்கிவிடுவாள்.

இதில் எனக்கு நேர்ந்த சங்கடம் என்னவென்றால், ஊரே சபித்துக்கொண்டிருந்த அந்தக் குற்றவாளியின் குரல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. காதலிக்கும்போது அவன் பேசும் வசனங்கள் நாடாவின் முதல் பக்கத்தில் இருந்தன. இரண்டாம் பக்கத்தில் அவன் எவ்வளவு கேடுகெட்டவன் என்று நிரூபிக்கப்பட்டது. நான் பெரும்பாலும் முதல் பக்கத்தையே போட்டுக் கேட்டேன். அவன் முகத்தை அதுவரை நான் பார்த்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவில் எதிர்வீட்டு டயனோரா தொலைக்காட்சியின் முன்னால் தெருவே கூடியிருந்தபோது, ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியில் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் முடி விழ, யாருக்கோ துரோகம் செய்ததற்கான அடையாளமே இல்லாத ஒரு சிரிப்போடு ஒருவர் பாடினார். “இவன்தாம்ட்டி அந்தக் கோர்ட்டுக்காரன்” என்று ஆச்சி என் காதில் சொன்னாள். மைக் மோகன் என்று நாடே அழைத்த அந்த மனிதர்மீது எனக்கு ஏற்பட்ட பற்று அன்றிலிருந்து முகவரியோடு கூடியதாயிற்று.

பள்ளியில் இது கட்சி அரசியலாக இருந்தது. 1986-இல் ‘மௌன ராகம்’ வந்தபின் எங்கள் வகுப்பு கார்த்திக் கட்சி, மோகன் கட்சி என்று தெளிவாக இரண்டாகப் பிளந்தது. கார்த்திக் கட்சிக்கே பெரும்பான்மை. ஆனால் அவர் படத்தின் பாதியிலேயே இறந்துபோவதால் கிடைத்த அனுதாப வாக்கு அதில் கணிசமானது என்பதே எங்கள் தரப்பின் நிலைப்பாடு. விவாகரத்து கேட்கும் மனைவிக்குக்கூடக் கொலுசு வாங்கி வைத்திருக்கும் மனிதரை விட்டுவிட்டு, நூலகத்தில் கத்தி ஆர்ப்பாட்டம் செய்பவரை விரும்புவது எந்த ஊர் நியாயம் என்று நாங்கள் சத்துணவுக் கூடத்தின் பின்புறம் நின்று வாதாடினோம். ‘விதி’யை மனப்பாடமாகக் கேட்டு வளர்ந்த எனக்கு வாதாடும் முறை கைவந்திருந்தது. அதே படத்தில் என் ஆள் எந்தக் கூண்டில் நின்றார் என்பதை எதிர்க்கட்சியினர் சுட்டிக்காட்டும்போது மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

இந்த நிலையில்தான் சேமித்து வைத்திருந்த திருவிழாக் காசை எடுத்துக்கொண்டு, எனக்கே எனக்கென்று ஒரு கேசட் பதிவு செய்ய ரெக்கார்டிங் சென்டருக்குப் போனேன். கடையில் நாம் விரும்பும் பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அண்ணாச்சி இசைத்தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக வெற்று நாடாவில் ஏற்றித் தருவார். சிக்ஸ்டி என்று கேட்டு வாங்கினால் பக்கத்துக்கு 30 நிமிடம்; நான்கரை நிமிடப் பாடல்கள் என்றால் ஒரு பக்கத்தில் ஆறு பாடல்கள் அடங்கி, கொஞ்சம் நாடா மிஞ்சும். அந்த மிச்சத்தில் எதைப் போடுவது என்பது கடைக்காரரின் ஏகபோக உரிமை. நம்முடைய ரசனையை அவர் எப்படி மதிப்பிட்டிருக்கிறார் என்பது அந்த மிச்ச நாடாவில் தெரிந்துவிடும். எனக்கு டி.எம்.சௌந்தரராஜனின் தத்துவப் பாடல் ஒன்றின் முதல் பாதியைப் போட்டிருந்தார். ‘உலகம் இப்படித்தான்’ என்ற பொருளில் அவர் ஏதோ சொல்லத் தொடங்கும்போதே நாடா முடிந்து பொத்தான் டக்கென்று மேலே எழும்பும். அந்தத் தத்துவத்தின் முடிவு என்னவென்பது நெடுங்காலம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் ‘பயணங்கள் முடிவதில்லை’, ‘உதய கீதம்’, ‘இதயக் கோவில்’, ‘மௌன ராகம்’ என்று எல்லாமே மோகன் படங்கள். எல்லாவற்றுக்கும் இசை இளையராஜா. மறுவாரம் கேசட்டை வாங்கப் போனபோது, அட்டையின் முதுகில் பச்சை மையில் ‘எஸ்.பி.பி. ஹிட்ஸ்’ என்று எழுதியிருந்தது.

“அண்ணாச்சி, இது மோகன் ஹிட்ஸ்லா?”

“பாடினது எஸ்.பி.பி.ம்மா. பாடினவரு பேரைத்தானே எழுதணும்?”

“படத்துல மோகன்தானே பாடுதாரு?”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடையில் வேறு இருவர் காத்துக்கொண்டிருந்தார்கள். “தாயி, அவரு பாடவும் இல்ல, பேசவும் இல்ல. பேசுதது பூரா எஸ்.என்.சுரேந்தர் குரல். இப்பச் சொல்லு, யாரு பேரை எழுத?”

எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடுகிறார் என்பதை நான் அறியாதவள் அல்லள். பாட்டு என்றால் யாரோ பாடத்தான் வேண்டும். அதை மனம் ஒருவாறு ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் பேச்சு? முகம் தெரியுமுன்பே நான் கேட்டு மயங்கிய அந்தக் குரலுக்கும் நான் நோட்டுப் புத்தகத்தின் பழுப்பு அட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த படத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லையா? பின்னணிப் பாடகராகவும் விளங்கிய எஸ்.என்.சுரேந்தர் மோகனின் பெரும்பாலான படங்களுக்குக் குரல் கொடுத்தவர் என்பதும், அவர் நடிகர் விஜய்யின் தாய்மாமா என்பதும் இன்று எல்லோரும் அறிந்த செய்திகள். அன்றைக்கு ரெக்கார்டிங் சென்டரின் வாசற்படியில் நின்ற எனக்கு அது ‘விதி’யின் தீர்ப்பைவிடக் கொடுமையாக இருந்தது. முகம் உடுப்பிக்காரரான மோகனுடையது, பேச்சு சுரேந்தருடையது, பாட்டு எஸ்.பி.பி.யுடையது என்றால் நான் விரும்பியது யாரை என்னும் கேள்விக்கு அன்றிரவு முழுவதும் யோசித்தும் விடை கிடைக்கவில்லை. ஏழு பேரை ஒரே சமயத்தில் விரும்பும் என் அண்ணன் மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் அந்த ஏழு பேரையும் தெரிந்தே விரும்புகிறாள், அதுதான் வித்தியாசம்.

ஆறுதல் தேடி ஆச்சியிடம் போனது இன்னும் மோசமாக முடிந்தது. ஆச்சிக்கு எம்.கே.தியாகராஜ பாகவதர்தான் எல்லாம். 1944-இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அவள் சுருக்கங்கள் விழுந்த கையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்காருவாள். “எங்க பாகவதரு தானே பாடுவாரு, தானே பேசுவாரு, தானே நடிப்பாரு. சம்பளம் ஒருத்தருக்கு. உங்க காலத்துல ஒரு ஆம்பிளையைப் பண்ணதுக்கு மூணு ஆம்பிளை வேண்டியிருக்கு, என்ன?” என்றாள். அன்றுமுதல் மோகனின் பெயரை அவள் தனித்துச் சொன்னதே இல்லை. தொலைக்காட்சியில் அவர் வந்தால், “ஏட்டி, உன் ஆளுக வந்திருக்காங்க” என்று பன்மையில்தான் என்னை அழைப்பாள்.

முதல் கச்சேரி அதற்கடுத்த கொடையில் நடந்தது. எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைக்கு ஆண்டாண்டுகாலமாக வில்லுப்பாட்டுதான் வழக்கம். அவ்வாண்டு இளவட்டங்கள் விழாக் கமிட்டியைப் பிடித்துவிட்டதால் முதன்முறையாக மெல்லிசைக் கச்சேரி என்று சுவரொட்டி ஒட்டப்பட்டது. ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்று அச்சிட்டிருந்த கச்சேரியில் பத்தரை மணிக்கு “ஹலோ, மைக் டெஸ்டிங்” மட்டும் கேட்டது. பிறகு நன்கொடையாளர்களின் பெயர்களை வாசித்தார்கள். பிறகு மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்தது. அதற்கும் பிறகு, பாட வேண்டிய பெண் இன்னும் வந்து சேரவில்லை என்ற செய்தி மேடையின் பின்புறத்திலிருந்து கசிந்து முன்வரிசைப் பாய்களை எட்டியது. கமிட்டிச் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். வில்லுப்பாட்டுக் கட்சியைச் சேர்ந்த பெரியவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு மிகவும் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் பிள்ளையார் பாட்டு, அடுத்து முருகன் பாட்டு, அதற்கடுத்து அம்மன் பாட்டு என்று பக்தியில் ஒரு மணி நேரத்தை ஓட்டினார்கள். தெய்வங்கள் தீர்ந்துபோயின. கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டுகளில் நேயர் விருப்பங்கள் மேடைக்குப் போகத் தொடங்கின. அவற்றில் ஒன்று நான் எழுதியது. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் எஸ்.பி.பி.யும் எஸ்.ஜானகியும் பாடிய ஜோடிப் பாட்டு. பளபளக்கும் சட்டை அணிந்த ஒல்லியான பாடகர் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார், கீபோர்டுக்காரரைப் பார்த்தார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பின்னர் பெண் பாடகிக்கென்று வைத்திருந்த மைக்கைத் தமக்கு இடப்பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

வலப்பக்க மைக்கில் ஆண் குரலில் பல்லவியைப் பாடிவிட்டு, இரண்டடி நகர்ந்து இடப்பக்க மைக்கில் அவர் பெண் குரலை எடுத்தார். கூட்டம் ஒரு கணம் பேச்சற்றுப் போய், அடுத்த கணம் சீழ்க்கையில் பந்தலே அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டால் சத்தியமாகப் பெண்தான். முன்வரிசைக் குழந்தைகள் எழுந்துபோய் மேடைக்கு அடியில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தன. பெண் குரலில் பாடும்போது அவர் இடது கையால் சட்டையின் நுனியைத் திருகியதும், ஆண் குரலுக்குத் திரும்பியதும் அதே சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்ததும் இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. சரணத்தில் இருவரும் மாறிமாறிப் பாட வேண்டிய இடம் வந்தபோது அந்த இரண்டடியை நடந்து கடக்க நேரம் போதவில்லை. இரண்டு மைக்குகளையும் இரு கைகளால் அருகருகே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி ஒருவழியாகப் பாட்டை முடித்தார். பாட்டின் இறுதியில் பெண், ஆணைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடத்திலும் அவர் குறை வைக்கவில்லை. சிரித்துவிட்டு, மறுபக்கம் திரும்பி அந்தச் சிரிப்பை ஏற்றுக்கொண்டார்.

ஆச்சி வெற்றிலையை மெல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “உன் ஆளு மூணு பேரு சேர்ந்து ஒருத்தன். இவன் ஒருத்தனே ரெண்டு பேரு. கெட்டிக்காரன் எவம்ட்டி?” என்று என்னைக் கேட்டாள். நோட்டு அட்டைக்குள் இருந்த படத்தின் செல்வாக்கு அன்றிரவோடு வெகுவாகச் சரிந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கச்சேரி முடிந்ததும் ஆச்சி என்னையும் இழுத்துக்கொண்டு மேடையின் பின்புறம் போனாள். அவர் அங்கே ஒரு பெஞ்சில் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நல்லா இருந்துச்சா ஆச்சி?” என்று அவர் கேட்ட குரல் ஆணுடையதும் அன்று, பெண்ணுடையதும் அன்று, தேய்ந்துபோன நாடாவின் இரைச்சல்தான் மிஞ்சியிருந்தது. ஆச்சி எங்கள் வீட்டிலிருந்து சுக்கு வெந்நீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற கமிட்டிச் செயலாளரிடம், “அடுத்த வருசமும் இந்தத் தம்பியவே கூப்பிடுங்க. அந்தப் பிள்ளை வர வேண்டாம். ஒரு ஆள் சம்பளம் மிச்சம்லா?” என்று யோசனை சொன்னாள்.

மறு ஆண்டு கமிட்டி அதை அப்படியே நிறைவேற்றியது. நன்கொடையாளர் பெயர்களை வாசிக்கும் பொறுப்பையும் அவரிடமே, பெண் குரலில், ஒப்படைத்துவிட்டார்கள். வழக்கமாக 51 ரூபாய் கொடுப்பவர்கள் அந்த ஆண்டு 101 கொடுத்தார்கள்.