பிரவுனிங் துப்பாக்கியும் என் பெயரின் ஓரெழுத்தும்

இயந்திரப் பொறியியல் படித்த நாள்முதல் ஜான் பிரவுனிங்கின் எம்1919ஏ4 இயந்திரத் துப்பாக்கியின் மீது எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு. குண்டு பாயும்போது எழும் பின்னுதைப்பு, குழலையும் அதன் பின்முனையை அடைக்கும் பூட்டையும் சேர்த்துச் சற்றே பின்னுக்குத் தள்ளி, அந்த அசைவைக்கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் நேர்த்தி இன்றும் என்னை வியக்க வைக்கிறது. அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெற்ற பிறகு, அதன் அரைத் தானியங்கி வடிவம் ஒன்றை டெக்சஸில் வாங்கினேன்.

மூல இயந்திரத் துப்பாக்கியை வாங்குவது எனக்கு எட்டாதது. 1986 மே 19-க்கு முன் பதிவானவை மட்டுமே பொதுமக்களிடையே கைமாறலாம் என்பதால் அவற்றின் விலை பல்லாயிரம் டாலர். அதற்குமேல் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி 200 டாலர் வரியும் விரல் ரேகைப் பதிவும் உண்டு. நான் வாங்கியதோ, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டு சுடுவது. இந்தத் துப்பாக்கியில் சட்டம் 'துப்பாக்கி' என்று கணக்கில் கொள்வது வலப்பக்கத் தகட்டைத்தான். இராணுவத் தகடு எத்தனை முறை திருத்தப்பட்டாலும் சட்டத்தின் பார்வையில் இயந்திரத் துப்பாக்கியாகவே நீடிப்பதால், அதை வெட்டி அழித்துவிட்டு, புதிதாகச் செய்த தகட்டில் பழைய உதிரிகளைப் பொருத்துகிறார்கள். ஆகவே தகட்டின் தொடர் எண்ணையும் தயாரிப்பாளரின் பெயரையும் விற்பனையாளரின் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டினேன்.

வெளிமாநிலத்திலிருந்து வந்த துப்பாக்கியை, உரிமம் பெற்ற உள்ளூர்க் கடை ஒன்றின் வழியாகத்தான் பெற முடியும். அங்கே துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்னும் கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பியபோது நான் ஒரு தவறு செய்தேன். என் ஓட்டுநர் உரிமத்தில் நடுப்பெயராக இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே. நான் அவர் பெயரை முழுமையாக எழுதிவிட்டேன். கடைக்காரர் பொறுமையாகப் புதிய படிவம் கொடுத்து, சட்டப்பூர்வப் பெயரில் முதலெழுத்து மட்டும் இருந்தால் அதை அப்படியே எழுதி, அருகில் 'ஐஓ' (இனிஷியல் ஒன்லி, அதாவது முதலெழுத்து மட்டும்) என்று குறிக்க வேண்டும் என விளக்கினார். இனிஷியலோடு வாழும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். கிரீன் கார்டில் உள்ள 'ஏ' எண் என்னும் வெளிநாட்டவர் பதிவு எண்ணையும் அந்தப் படிவம் கேட்கிறது.

வெள்ளி மாலை எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்கு அனுப்பியதும் 'தாமதம்' என்ற பதில் வந்தது. அது மறுப்பு அன்று என்று தெரிந்திருந்தும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்று வேலை நாள்களுக்குள் மறுப்பு வராவிட்டால் துப்பாக்கியைக் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் கடைக்கு இடமளிக்கிறது. ஆனால் தெளிவான அனுமதி வரட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். செவ்வாய் நண்பகல் அனுமதி வந்தது. பதினான்கு கிலோ எடையுள்ள அந்தத் துப்பாக்கியை நானும் நண்பரும் சேர்ந்து காரில் ஏற்றினோம்.

அடுத்த முறை இந்தத் தாமதம் நேராதிருக்க, எஃப்பிஐ வழங்கும் தனி அடையாள எண்ணுக்கு விரல் ரேகைகளுடன் விண்ணப்பித்திருக்கிறேன். அதிலும் அந்த ஓரெழுத்தை அப்படியே எழுதியிருக்கிறேன்.