ஜாதகக் கட்டம்

செவ்வாய்ப்பேட்டையில் ஜோசியர் ஒருவர் நோட்டில் ராசிக்கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேல் இல்லை. ஒரு கோடு லேசாக வளைந்துபோனது, அவர் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே சனி, ராகு எல்லாம் ஒற்றை எழுத்தாக, பொடிப்பொடியாக.

எனக்கு ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்தான் நினைவுக்கு வந்தார்.

1966-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர். 1963-ல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையிலும் இதே ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், எழுத்துபோலவே இருந்தும் வாசிக்க முடியாத வரிகள்.

இப்போது ஆன்மிக ஓவியம் என்றாலே கண்மூடிய புத்தர் முகம்தான். ஓட்டல் வரவேற்பறைக்கென்றே வரைகிறார்கள். (அழகாகத்தான் இருக்கிறது, சரி.)

பணிக்கர் அந்தப் பக்கம் போகவில்லை.

மந்திரத்துக்குப் பொருள் தெரியாமலேயே கோட்டை மாரியம்மன் முன்னால் கைகூப்பி நிற்கிற ஆள் நான். அதனாலோ என்னவோ, அந்த வாசிக்க முடியாத வரிகளில்தான் எனக்குப் பக்தி தெரிகிறது.