கேட்டிருந்தால் அவரே கொடுத்திருப்பார்

மலைமேல் ஒரு பள்ளிக்கு கம்ப்யூட்டர் லேப் அமைத்துக் கொடுத்தபோது நடந்தது இது. பத்து கணினி இருந்தது, நெட் கிடையாது. பிள்ளைகளுக்கு வேண்டிய தளங்களை முன்பே இறக்கி ஹார்ட் டிஸ்கில் எடுத்துப் போவது என் வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அறிவியலைத் தமிழில் படம் போட்டு எழுதிவந்த தளம் மிகவும் பிடித்துப்போய், முழுத் தளத்தையும் இறக்கித் தரும் ஹெச்டிடிராக் மென்பொருளில் அதன் முகவரியைக் கொடுத்து, வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, தானியங்கிக் கருவிகள் எந்தப் பக்கங்களுக்கு வரக்கூடாது என்று தளக்காரர் எழுதி வைக்கும் ரோபாட்ஸ் கோப்பைப் (robots.txt) பார்க்க வேண்டாம் என்றும் தேர்வு செய்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. தளத்தின் ஓரத்தில் ஒரு காலண்டர். 'அடுத்த மாதம்' இணைப்புக்கு முடிவே இல்லாததால் 2090ஆம் வருடத்து வெற்றுப் பக்கங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவருடைய தளமோ திறக்கவில்லை, தளத்துக்கான மாத டேட்டா அளவு தீர்ந்துவிட்டது. ரோபாட்ஸ் கோப்பில் மூன்றே வரி. காலண்டர் பக்கம் வராதே என்று அதில் எழுதியே வைத்திருந்தார்.

மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினேன். "கேட்டிருந்தா நானே ஜிப் பண்ணித் தந்திருப்பேனே தம்பி" என்று பதில் வந்தது.

அப்புறம் நான் இறக்கும் கருவியைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. எவ்வளவு வேகமாக இறக்கும் என்பதைவிட எவ்வளவு மெதுவாக ஓட விடும் என்றுதான் முதலில் பார்க்கிறேன். டபிள்யூகெட் என்ற கருவி ஒரு தளத்தை முழுதாக இறக்கும்போது நாம் சொல்லாமலே ரோபாட்ஸ் கோப்பை மதிக்கும். இரண்டு நொடி இடைவெளி சொல்லி, அதைச் சீரற்றதாக்கும் தெரிவையும் சேர்த்தால் ஒன்று முதல் மூன்று நொடி வரை மாற்றி மாற்றிக் காத்திருக்கும். ஒரே பக்கம் போதுமென்றால், அதை ஒரே கோப்பாகச் சேமிக்கும் சிங்கிள்ஃபைல். விக்கிப்பீடியாவை யாரும் இப்படி இறக்கவே வேண்டாம், நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் தயாராகவே கிடைக்கிறது. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் நூல்களை முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கும் கொடுக்கலாம்.

ரோபாட்ஸ் கோப்பு சட்டமில்லை, 1994இல் தொடங்கிய ஒரு வேண்டுகோள்தான். அதற்காக மீறலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1957ஆம் வருட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இடம் தருகிறது, சரி. ஆனால் ஒரு முழுத் தளத்தையும் பத்து கணினியில் ஏற்றிப் பள்ளிக்கே கொடுப்பதை என் சொந்த உபயோகம் என்று எப்படிச் சொல்வது? உரிமம் தெளிவாக எழுதியிருந்தால் அதன்படி செய்கிறேன், இல்லையென்றால் எழுதிக் கேட்கிறேன். பதில் வராத தளத்தை எடுப்பதில்லை.

அந்த வாரமே ஆசிரியரிடமிருந்து ஜிப் வந்தது. தளத்தில் சின்னதாக இருந்த இதயப் படத்தின் பெரிய மூலமும் அதற்குள் இருந்தது. அவரிடம் கேட்டு அதை அச்சிட்டு, லேப் சுவரில் ஒட்டி, கீழே அவர் பெயரை எழுதினோம்.