அட்ரோபினுக்கு அடங்காத நரம்பு

நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். 'ஒரு நரம்பணு ஒரே ஒரு கடத்தியைத்தான் விடும், இது டேல் விதி' என்று எழுதினால் மார்க் கிடையாது. (கடத்தி என்பது நரம்பு செய்தி சொல்ல முனையில் விடும் ரசாயனம்.) நோட்ஸில் அப்படித்தானே இருக்கிறது மேடம் என்று சண்டைக்கு வருவார்கள். பிரிட்டிஷ் உடலியங்கியலாளர் ஹென்றி டேல் பாவம், அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு நரம்பணுவின் ஒரு கிளையில் வரும் பொருளே மற்றக் கிளைகளிலும் வரக்கூடும் என்றுதான் 1930-களில் சொன்னார். 1954-ல் நரம்பியல் ஆய்வாளர் ஜான் எக்லஸ் அதற்கு அவர் பெயரை வைத்தார். 'ஒரே ஒன்று' அப்புறம் ஒட்டிக்கொண்டது.

ஒன்றுக்கு மேலும் வரும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் எச்சில் சுரப்பி. அட்ரோபின் ஊசி போட்டால் வாய் உலர்வதை வார்டில் பார்த்திருப்பார்கள். நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற கடத்தியைச் சுரப்பியில் வேலை செய்யவிடாமல் அது மறிக்கிறது. 1872-ல் ஹைடன்ஹைன் என்ற ஜெர்மானியர் இதைச் சோதித்தபோது ஒரு வினோதம்: அட்ரோபினுக்குப் பிறகு நரம்பைத் தூண்டினால் எச்சில் இல்லை, ஆனால் சுரப்பியில் ரத்த ஓட்டம் மட்டும் பழையபடி கூடியது.

விடை வர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்டாக்ஹோமில் லுண்ட்பெர்க், ஹோக்ஃபெல்ட் குழுவினர் பூனைகளில் பார்த்தார்கள். அதே நரம்பு முனைகளில் விஐபி என்ற பெப்டைடும், அதாவது ஒரு சிறு புரதத் துணுக்கும், இருந்தது. (இந்தப் பெயரைக் கேட்டதும் வகுப்பு சிரிக்கும். முதலில் பன்றிக் குடலில் கிடைத்த சாதாரணச் சரக்குதான்.) ரத்தக்குழாயை விரிக்கும் அதை அட்ரோபினால் தொட முடியாது. தனியாக அது எச்சிலைச் சுரக்கவைப்பதில்லை. அசிட்டைல்கோலினோடு சேர்ந்தால் சுரப்பு கூடுகிறது.

எனக்குப் பிடித்தது இதிலுள்ள கஞ்சத்தனம். நரம்பு மெதுவாகத் துடித்தால் பெரும்பாலும் அசிட்டைல்கோலின் மட்டும் வரும். வேகமாகத் துடித்தால்தான் விஐபியும் வெளியே வரும். அசிட்டைல்கோலின் இருப்பது சுமார் 50 நானோமீட்டர் குமிழ்களில், சவ்வை ஒட்டியே. காலியானால் முனையிலேயே நிரப்பிக்கொள்ளலாம். பெப்டைடு இருப்பது ஏறத்தாழ இரு மடங்கு பெரிய குமிழ்களில், சற்று தள்ளி. விடாமல் தூண்டி, கால்சியம் உள்ளே பரவினால்தான் அவை அசையும். தீர்ந்தால் தொலைவிலுள்ள அணுவுடலில் புதிதாகச் செய்து, ஆக்சான் என்ற நீண்ட இழை வழியே முனைக்கு அனுப்ப வேண்டும். சும்மா செலவழிக்குமா?

வார்டு வேலைக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சிறுநீர்ப்பையைச் சொல்வேன். அங்கே நரம்பு அசிட்டைல்கோலினோடு ஏடிபி என்ற இன்னொரு கடத்தியையும் விடுகிறது. ஆரோக்கியமான மனிதரில் ஏடிபியின் பங்கு சொற்பம். சில சிறுநீர்ப்பை நோய்களில் அது கூடுகிறது. அசிட்டைல்கோலினை மட்டும் மறிக்கும் மாத்திரை அந்தப் பங்கைத் தொடாது. வாய் மட்டும் நன்றாக உலரும்.