மாமனாரும் சார்ஜரும்

"மாப்ள, அந்த போன் சார்ஜரைப் புடுங்குங்க. வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

ஏற்காடு ஏற்றம். இருபது கொண்டை ஊசியில் ஏழாவது. பழைய 800 சிசி வண்டி, உள்ளே நாலு பேர்.

புடுங்கினேன். பாட்டையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். வண்டி அதே முனகலோடுதான் ஏறியது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓடுகிற வண்டியில் எந்தக் கரண்டும் சும்மா வராது. கரண்டு தயாரிக்கிற ஆல்டர்னேட்டரை பெல்ட் போட்டுச் சுற்றுவது எஞ்சின்தான். லோடு கூடினால் அதைச் சுற்றுவதும் கடினமாகும்.

ஆனால் கணக்கு வேறு. சார்ஜர் 10 வாட். ஹெட்லைட் இரண்டும் 110 வாட், வழியில் வீணாவதைச் சேர்த்தால் ஒரு 200. ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, விளக்கு தின்பது கால் குதிரை!

ஏசிதான் ஆள் விழுங்கி. அதன் கம்ப்ரசர் நேராக எஞ்சின் பெல்ட்டிலேயே தொங்குகிறது. இரண்டு மூன்று குதிரையாவது கேட்கும். எங்கள் வண்டியில் மொத்தமே நாற்பதுக்குள்.

அடிவார டீக்கடையில் ஐடிலிங்கில் நின்றபோதே பார்த்தேன். கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் ஏசி கிளட்ச் 'டக்'கென்று ஒட்டியதும் எஞ்சின் ஒரு நொடி குனிந்து நிமிர்ந்தது. டாஷ்போர்டுப் பிள்ளையார் தலையாட்டினார்.

"மாமா, ஏசியை அணைச்சுப் பாக்கலாமா?"

"அதெதுக்கு? வேர்க்கும். ஹெட்லைட்டு கிட்டு எதாச்சும் எரியுதா பாருங்க."

பகல் பதினோரு மணி.