லேப்ல கிடக்கிற பழைய மெஷின் யார் கைக்குப் போகுது?

டெல்லிக்குப் படிக்க வர்ற நம்ம ஊர் பசங்க யாராவது கெமிஸ்ட்ரி லேப்ல சேர்ந்தா நான் முதல்ல சொல்றது மாயாபுரி விஷயத்தைத்தான். டெல்லி பல்கலைக்கழக கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல 1985லேர்ந்து யாரும் தொடாம கிடந்த ஒரு காமா இர்ரேடியேட்டரை (பொருள்கள் மேல காமா கதிர் பாய்ச்சுற மெஷின்) 2010 பிப்ரவரியில பழைய சாமானோட சாமானா ஏலம் விட்டுட்டாங்க, அது மேற்கு டெல்லி மாயாபுரி ஸ்கிராப் மார்க்கெட்டுக்குப் போய் அங்க ஈயக் கவசத்தைப் பிரிச்சப்போ உள்ள இருந்த கோபால்ட்-60ங்கிற கதிரியக்கப் பொருள் வெளிய வந்துருச்சு. கடையில இருந்தவங்களுக்கு தோல் கருத்து, முடி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, ஒருத்தர் ஏப்ரல்ல இறந்தே போயிட்டார்.

கோபால்ட்-60 5.27 வருஷத்துக்கு ஒருதடவை பாதியாகும். 25 வருஷம் சும்மா கிடந்ததுல சுமாரா 27ல ஒரு பங்குதான் மிச்சம், அந்த மிச்சமே ஒரு உயிரை எடுத்துருச்சு. வாங்கினதும் யூஸ் பண்ணினதும் அது என்னன்னு தெரிஞ்சவங்க, செத்தவருக்கு அது என்னன்னே தெரியாது. எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அதனால வேஸ்ட் விஷயத்துல நான் ரொம்ப கறார். குளோரோஃபார்மை அசிட்டோன் கேன்ல ஊத்தாதீங்க, கூட கொஞ்சம் காரம் (பேஸ்) சேர்ந்தா வெடிக்கலாம். நைட்ரிக் ஆசிட் வேஸ்ட்ல ஆல்கஹால் ஒரு சொட்டு கூட வேண்டாம். கேன் மேல உள்ள என்ன இருக்குன்னு ஹிந்தியிலயும் எழுதுங்க, கேனைத் தூக்கிட்டுப் போற ஹிந்திக்கார அண்ணனுக்கு இங்கிலீஷ் லேபிளால என்ன பிரயோஜனம்? அப்புறம் சீனியர் யாராவது தீசிஸ் முடிச்சுக் கிளம்பினா அவங்க பாட்டில் ஒவ்வொண்ணையும் காட்டி ஒப்படைக்காம நோ டியூஸ்ல (பாக்கி எதுவும் இல்லைங்கிற ஃபார்ம்ல) கையெழுத்துப் போடாதீங்கன்னு உங்க கைடுகிட்ட தைரியமா சொல்லுங்க.